பைக் இன்ஜின் சீக்கிரமே தேஞ்சு போச்சா? வாரண்டில மாத்தி வாங்கறதுக்கு நான் அலைஞ்ச வழி

2023 மார்ச்ல ஷோரூம்ல இருந்து புதுசா எடுத்த பைக், 160 சிசி வகை, மூணு வருஷ வாரண்டி. 9,000 கிலோமீட்டர்லயே ஹெட்ல இருந்து, அதாவது இன்ஜினோட மேல் பகுதில இருந்து, டிக் டிக்னு ஒரு சத்தம். ரெண்டு சர்வீஸ்லயும் சொன்னேன், ரெண்டு தடவையும் "இந்த மாடலே இப்படித்தாங்ணா, ஓட ஓட செட் ஆயிடும்"னாங்க. 13,400ல கழட்டிப் பாத்தா கேம், அதான் சுத்தி சுத்தி வால்வ திறக்க வைக்கற பார்ட், தேஞ்சு கிடக்கு. "ஆயில் சரியா மாத்தல, வாரண்டி வராது"ன்னுட்டாங்க. அதுக்கப்புறம் பார்ட்ஸுக்குப் பாதிக் காசு கட்டி மாத்தி, அது 2,600 கிலோமீட்டர்ல மறுபடி தேஞ்சு, அஞ்சு மாசம் அலைஞ்சு கடைசில ஹெட்டையே மாத்திக் குடுத்தாங்க. கம்பெனி பேரு, டீலர் பேரு இங்க வேண்டாம், எந்தக் கம்பெனி பைக்கா இருந்தாலும் நடக்கறது கிட்டத்தட்ட இதேதான். மொத நாளே இதெல்லாம் தெரிஞ்சிருந்தா எனக்கு ஒரு மாசத்துல முடிஞ்சிருக்கும், அதனால வரிசையா எழுதறேன்.

1. முதல்ல என்ன தேஞ்சிருக்குன்னு ஒரு அளவுக்குப் புரிஞ்சுக்கங்க

மெக்கானிக் அளவுக்குத் தெரியணும்னு இல்ல. ஆனா "சத்தம் வருது"ன்னு மட்டும் சொன்னா சர்வீஸ் சென்டர்ல பைக்க வாங்கிக்கற அட்வைசர் அவருக்குப் புடிச்சத எழுதிக்குவாரு.

ஹெட் பக்கம் டிக் டிக்னு வேகத்துக்கு ஏத்த மாதிரி அடிச்சா டேப்பெட் கேப்பா (வால்வுக்கு மேல விடற சின்ன இடைவெளி) இருக்கலாம், அது அட்ஜஸ்ட்மெண்ட், சின்ன வேலை. கேப் சரி பண்ணி 500 கிலோமீட்டர்ல திரும்ப வந்தா கேமையோ, கேம் உரசி வால்வ அமுக்கற ராக்கர் ஆர்மையோ சந்தேகப்படுங்க. காலைல ஸ்டார்ட் பண்ணதும் கொஞ்ச நேரம் சலசலன்னு கேட்டு அப்புறம் அடங்கினா டைமிங் செயின் டென்ஷனர் பக்கம். ஆக்சிலரேட்டர விட்டுத் திரும்பக் குடுக்கறப்ப நீலப் புகை வந்து ஆயிலும் குறைஞ்சா ரிங் இல்லன்னா வால்வ் சீல். கீழ இருந்து உறுமற மாதிரி வந்து ஃபுட்ரெஸ்ட்ல அதிர்வு அடிச்சா கிராங்க் பேரிங், அத வச்சுக்கிட்டு ஓட்டாதீங்க.

எனக்கு எங்க ஏரியால முப்பது வருஷமா கடை வச்சிருக்கற ஒரு பெரியவர்தான் சொன்னாரு. நீள ஸ்க்ரூட்ரைவரோட நுனிய ஹெட் மேல வச்சு, கைப்பிடிய காதுகிட்ட எலும்புல அழுத்தி அரை நிமிஷம் கேட்டாரு, அவ்வளவுதான். "தம்பி, கேம்தான் அடிக்குது, ஆனா நான் கழட்ட மாட்டேன், நான் ஒரு போல்ட்ட தொட்டாலும் உன் வாரண்டி போயிரும்"னாரு. அந்த மனுஷனுக்கு இன்னிக்கும் நன்றி. வெளி மெக்கானிக்கிட்ட கேளுங்க, காட்டுங்க, ஆனா இன்ஜின திறக்க விடாதீங்க.

இன்னொண்ணு, சத்தத்த அமுக்கறதுக்கு கெட்டி ஆயில் ஊத்தச் சொல்லுவாங்க. மேனுவல்ல ஆயிலோட கெட்டித்தன்மைக்கு 10டபிள்யூ30னு போட்டிருந்தா அதான், பைக் ஆயிலோட தரத்துக்கு ஜாஸோ எம்ஏ2னு போட்டிருந்தா அதான். வேற கிரேடு ஊத்தின அன்னிக்கே அவங்களுக்கு ஒரு காரணத்த நீங்களே எடுத்துக் குடுத்த மாதிரி.

2. வாரண்டி புக்க ஒரு மணி நேரம் உக்காந்து படிங்க

டிக்கிக்கு அடியில பிளாஸ்டிக் கவர்ல கிடக்கும், யாரும் படிக்க மாட்டோம். நாலு விஷயத்துக்கு பென்சில்ல கோடு போடுங்க.

வருஷம், கிலோமீட்டர் ரெண்டுல எது முதல்ல முடியுதோ அதோட வாரண்டி முடிஞ்சிரும். அஞ்சு வருஷம்னு போட்டிருந்தாலும் தினம் 80 கிலோமீட்டர் ஓட்டறவங்களுக்கு அஞ்சு வருஷமெல்லாம் வராது. அடுத்து சர்வீஸ் இடைவெளி, அதுவும் நாள், கிலோமீட்டர் ரெண்டுல எது முதல்லயோ அது. நான் ஒரு சர்வீஸுக்கு கிலோமீட்டர் வரலையேன்னு 23 நாள் லேட்டா விட்டேன், அந்த 23 நாளத்தான் கடைசி வரைக்கும் புடிச்சுத் தொங்கினாங்க. மூணாவது, வாரண்டில வராத சாமான் லிஸ்ட். கிளட்ச் பிளேட், பிளக், ஃபில்டர், செயின் ஸ்ப்ராக்கெட், பிரேக் ஷூ இதெல்லாம் தேயற சாமான், கேட்டுப் பிரயோஜனம் இல்ல. கேம், ராக்கர், வால்வ், பிஸ்டன், கிராங்க் அந்த லிஸ்ட்ல இருக்கான்னு பாருங்க, பெரும்பாலும் இருக்காது. "சாதாரணத் தேய்மானம்"னு ஒரு வரி மட்டும் பொதுவா இருக்கும், உங்க சண்டை முழுக்க அந்த ஒரு வரி மேலதான் நடக்கும்.

நாலாவது, வாடகைக்கோ தொழிலுக்கோ ஓட்டினா வாரண்டி எப்படின்னு. டெலிவரி ஓட்டற தம்பிங்க இத கட்டாயம் பாருங்க. வாரண்டி புக்ல என்ன எழுதியிருந்தாலும், சொந்தப் பொழப்புக்காக சுயதொழிலா ஓட்டறத நுகர்வோர் சட்டம் வணிக நோக்கம்னு எடுத்துக்கறதில்ல, அதனால நுகர்வோர் கமிஷனுக்குப் போற வழி உங்களுக்கு மூடல. நாலு பைக் வாங்கி வாடகைக்கு விடறது வேற கதை.

பழைய பைக் வாங்கினவங்க, ரெண்டாவது ஓனருக்கு வாரண்டி மாறுதா, அத எங்க பதியணும்னு பாத்துக்கங்க.

3. பேப்பர ஒரே கவர்ல போடுங்க

ஆர்சி, பைக் வாங்கின இன்வாய்ஸ், வாரண்டி புக், எல்லா சர்வீஸோட ஜாப் கார்டும் (பைக்க விடறப்ப புகாரும் வேலையும் எழுதற சீட்டு) பில்லும், நடுவுல நீங்களே ஆயில் வாங்கி ஊத்தியிருந்தா அந்த பில். பில்லு தர்மல் பேப்பர்ல இருந்தா இன்னிக்கே ஜெராக்ஸ் எடுங்க, ஒரு வருஷத்துல வெள்ளைப் பேப்பராயிரும், என்னோட ரெண்டு பில் அப்படித்தான் போச்சு. போனா பயந்துக்க வேண்டாம், அங்கீகரிக்கப்பட்ட சென்டர்ல பண்ணது எல்லாம் கம்பெனி சிஸ்டத்துல இருக்கும், சர்வீஸ் ஹிஸ்டரி பிரிண்ட் கேளுங்க, சில கம்பெனி ஆப்லயே வரும். அதுல ஒவ்வொரு தடவையும் ஆயில் மாத்தினதுக்கு ஸ்பேர் வரிசைல பதிவு இருக்கும், "ஆயில் மாத்தல"ன்னு சொல்றவங்களுக்கு அதான் பதில்.

அப்புறம் வீடியோ. இன்ஜின் ஆறி இருக்கறப்ப ஒண்ணு, பத்து நிமிஷம் ஓட்டினப்புறம் ஒண்ணு, ஓடோமீட்டர் ஒரே ஷாட்ல தெரியற மாதிரி எடுங்க. கட் பண்ணி ஒட்டாதீங்க.

ஆயில் குடிக்குதுன்னா அளந்து வச்சுக்கங்க. மேனுவல்ல சொன்ன மாதிரி வண்டிய நேரா நிறுத்தி, ஓட விட்டு ஆஃப் பண்ணி ரெண்டு மூணு நிமிஷம் கழிச்சு டிப்ஸ்டிக்க, அதான் ஆயில் அளவு காட்டற குச்சிய, பாருங்க. சைடு ஸ்டாண்டுல பாத்தா தப்பாத்தான் காட்டும். இதயே சென்டர்லயும் செய்யச் சொல்லலாம், அளந்து ஊத்தி, 500 இல்ல 1,000 கிலோமீட்டர் ஓட்டி, வடிச்சு அளக்கறது, ரெண்டு அளவும் ஜாப் கார்டுல ஏறணும்.

4. ஜாப் கார்டு

நான் தோத்தது இங்கதான், அதனால கொஞ்சம் நீளமா சொல்றேன்.

ரெண்டு தடவை சத்தத்தப் பத்தி வாயில சொன்னேன்னு சொன்னேன்ல, அந்த ரெண்டு ஜாப் கார்டையும் பின்னாடி எடுத்துப் பாத்தா "ஜெனரல் சர்வீஸ், வாட்டர் வாஷ்"னு மட்டும் இருக்கு. அதாவது ரெக்கார்டுபடி என் பைக்குக்கு 13,400 வரைக்கும் ஒரு பிரச்சனையும் இல்ல. ஏரியா சர்வீஸ் மேனேஜர் அதத்தான் காட்டினாரு, "முன்னாடி கம்ப்ளெயிண்ட்டே இல்லீங்களே சார்".

அதனால பைக்க விடறப்ப அட்வைசர் டேப்ல தட்டறத பக்கத்துல நின்னு பாருங்க. வாடிக்கையாளர் புகார்னு ஒரு கட்டம் இருக்கும், அதுல உங்க வார்த்தைல ஏறணும். "இன்ஜின் சத்தம்"னு வேண்டாம். "ஹெட் வலது பக்கம் டிக் டிக் சத்தம், சூடானப்புறம் அதிகம், போன சர்வீஸ்ல டேப்பெட் அட்ஜஸ்ட் பண்ணியும் வருது, வாரண்டில செக் பண்ணவும்" இப்படி. எடம் இல்லைம்பாரு, சுருக்கிப் போடச் சொல்லுங்க. முடியவே முடியாதுன்னா அங்க நின்னபடியே சென்டரோட ஈமெயிலுக்கு அதே வரிய ஜாப் கார்டு நம்பரோட அனுப்பிருங்க. சனிக்கிழமை காலைல போகாதீங்க, நாப்பது பைக் வரிசைல நிக்கும், யாருக்கும் எழுதற பொறுமை இருக்காது. செவ்வாய், புதன் பதினோரு மணிக்கு மேல போனா மனுஷங்க மாதிரி பேசுவாங்க.

பைக்க திருப்பி எடுக்கறப்ப இன்னொரு பொறி இருக்கு. ஓடிபி கேப்பாங்க, இல்ல "முழு திருப்தி"ன்னு ஒரு கையெழுத்து. சாயங்காலம் ஃபீட்பேக் கால் வரும், அதுக்கு முன்னாடியே அட்வைசர் "அண்ணா பத்துக்குப் பத்து போட்டுருங்ணா, இல்லன்னா எனக்கு இன்சென்டிவ் போயிரும்"பாரு. பாவமாத்தான் இருக்கும், நானும் பாவம் பாத்து ரெண்டு தடவை பத்து போட்டேன். சத்தம் அப்படியே இருக்குன்னா ஓட்டிப் பாத்துட்டு "சத்தம் தொடர்கிறது"ன்னு தேதி, கிலோமீட்டரோட எழுதிக் கையெழுத்து போடுங்க, ஃபீட்பேக்ல உள்ளத உள்ளபடி சொல்லுங்க.

வாரண்டி முடியப் போகுதா? ஒரு வாரம்தான் இருந்தாலும் இன்னிக்கே ஈமெயில் போடுங்க. புகார் எப்ப வந்துச்சுங்கறதுக்கு ஒரு தேதி வேணும், ஸ்பேர் வர ஒரு மாசம் ஆனாலும் அந்தத் தேதி உங்க பக்கம் நிக்கும்.

5. இன்ஜின் திறக்கறப்ப அங்க இருங்க

ஒரு நாள் லீவு போட்டாலும் பரவால்ல, இருங்க. "கழட்டறப்ப நான் இருக்கணும், எனக்குச் சொல்லாம திறக்காதீங்க"ன்னு முன்கூட்டியே எழுதிக் குடுங்க. கழட்டறதுக்கு முன்னாடியே எஸ்டிமேட்ல கையெழுத்து கேப்பாங்க, "வாரண்டி இல்லன்னு முடிவானா மட்டும் கழட்டற லேபர்"னு எழுதிட்டுப் போடுங்க.

நான் பாத்தது இதான். கேம்ல முட்டை மாதிரி இருக்கற அந்த மேடு கண்ணாடி மாதிரி வழவழன்னு இருக்கணும். என்னோடதுல எக்ஸாஸ்ட் பக்க மேட்டு நுனில அம்மைத் தழும்பு மாதிரி சின்னச் சின்னக் குழி, நகத்த மேல இழுத்தா மாட்டுது. அத உரசற ராக்கர்லயும் அதே இடத்துல கோடு. இன்டேக் பக்கம் சுத்தமா புதுசு. இது முக்கியம், ஏன்னா ஆயில் மாத்தாம ஓட்டியிருந்தா ஒரு மேடு மட்டும் தேஞ்சு பக்கத்து மேடு புதுசா இருக்கறது எப்படி? மேல்பரப்பு கடினப்படுத்தினது சரியில்லாம இருக்கலாம், இல்ல அந்த இடத்துக்கு ஆயில் சரியா ஏறாம போயிருக்கலாம். இந்தக் கேள்விய அங்கயே கேக்க எனக்குத் தெரியல, நாலு மாசம் கழிச்சுத்தான் தோணுச்சு.

ஃபோட்டோ எடுக்கறப்ப பக்கத்துல ஒரு ஸ்கேல் இல்ல ரூபாக் காசு வைங்க. ஏர் ஃபில்டரையும் எடுங்க, "தூசி உள்ள போயிருக்கு"ன்னு பின்னாடி சொல்லுவாங்க. வடிச்ச ஆயிலையும் எடுங்க. அளவு கேளுங்க, சர்வீஸ் மேனுவல்ல ஒவ்வொரு பார்ட்டுக்கும் தேய்மான எல்லை மில்லிமீட்டர்ல இருக்கு, மைக்ரோமீட்டர்ல அளந்து ரெண்டு நம்பரையும் ஜாப் கார்டுல எழுதச் சொல்லுங்க. "பாத்தாலே தெரியுதுங்ணா"ன்னா தெரியட்டும், எழுதட்டும்.

கழட்டின பழைய பார்ட்ட நீங்க காசு குடுத்து மாத்தினா கேட்டு வாங்கிக்கங்க, அதான் உங்க சாட்சி. வாரண்டில மாத்தினா அது கம்பெனிக்குப் போயிரும், அதனால ஃபோட்டோ அதுக்குள்ள எடுத்தாகணும்.

6. பாதிக் காசு ஆஃபர்

எனக்கு எஸ்டிமேட் 6,840. பார்ட்ஸ் 5,400, லேபர் ஜிஎஸ்டியோட 1,440. கத்தினதுக்கப்புறம் "குட்வில்"ன்னு பார்ட்ஸ்ல பாதி கழிச்சாங்க, நான் 4,140 கட்டினேன். பைக் இல்லாம வேலைக்குப் போக முடியல, வேற வழி தெரியல.

இதுல ரெண்டு தப்பு பண்ணேன். ஒண்ணு, எதுவும் எழுதாம கட்டினது. "ஆட்சேபத்துடன் கட்டுகிறேன், வாரண்டி கோரிக்கை தொடர்கிறது"ன்னு பில்லு காப்பில ஒரு வரி எழுதி ஈமெயில் போட்டிருக்கணும். ரெண்டு, ஏன் தேஞ்சதுன்னு கேக்காம விட்டது. கேம், ராக்கர் மட்டும் மாத்தினாங்க, ஆயில் வழிய யாரும் பாக்கல. அந்தப் பெரியவர்தான் கேட்டாரு, "கேமுக்கு ஆயில் ஏறுதான்னு பாத்தாங்களா? அதப் பாக்காம எத்தனை கேம் போட்டாலும் இதே கதைதான்". அதே மாதிரி 16,000ல மறுபடியும் டிக் டிக்.

7. "முடியாது"ங்கறத எழுத்துல வாங்குங்க, மேல போங்க

டீலர் வெறும் வாசல்தான், வாரண்டிய குடுக்கறதும் மறுக்கறதும் கம்பெனி. கம்பெனி கஸ்டமர் கேர் ஈமெயிலுக்கு ஒரே பக்கத்துல எழுதுங்க: சேசிஸ் நம்பர், இன்ஜின் நம்பர், வாங்கின தேதி, இப்ப கிலோமீட்டர், தேதிவாரியா நடந்தது, என்ன வேணும், எத்தனை நாளுக்குள்ள. நான் 15 நாள் குடுத்தேன். "மறுக்கிறீர்கள் என்றால் எந்த விதியின் கீழ், எந்த அளவீட்டின் அடிப்படையில்"னு கேளுங்க. இந்த ஒரு கேள்விக்கு அப்புறம்தான் ஏரியா சர்வீஸ் மேனேஜர் எனக்கே போன் பண்ணாரு. போன்ல பேசினத அன்னிக்கு ராத்திரியே "இன்று நீங்கள் சொன்னது இது"ன்னு மெயில்ல போட்டுருங்க. ட்விட்டர்ல திட்டறது மனசுக்கு நல்லாருக்கும், டிக்கெட் நம்பர் ஒண்ணு கிடைக்கும், அதோட சரி.

கம்பெனி வெப்சைட்ல சேசிஸ் நம்பர போட்டு ரீகால் (குறைபாட்டுக்காக கம்பெனியே வண்டிய திரும்பக் கூப்பிடறது) ஏதாச்சும் இருக்கான்னும் பாத்துருங்க. இருந்தா இந்தச் சண்டையே வேண்டாம், அந்த வேலைய இலவசமாவே பண்ணிக் குடுப்பாங்க.

8. 1915

தேசிய நுகர்வோர் ஹெல்ப்லைன், தமிழ்லயே பேசலாம், காசு இல்ல. போன்ல சொல்றதவிட வெப்சைட்ல பதிஞ்சா பேப்பரெல்லாம் ஏத்தலாம். இவங்க கம்பெனிக்கு அனுப்பி பதில் வாங்கித் தருவாங்க, உத்தரவு போட முடியாது. எனக்கு 18 நாள்ல பதில் வந்துச்சு: "மீண்டும் ஆய்வு செய்யத் தயார்". பொறி என்னன்னா, கம்பெனி "வாடிக்கையாளரைத் தொடர்பு கொண்டோம்"னு போட்டதும் புகார முடிச்சிர வாய்ப்பு இருக்கு, அப்பப்ப ஸ்டேட்டஸ் பாத்து "தீரவில்லை"ன்னு பதில் போடுங்க.

அந்த மறு ஆய்வுக்கு நான் ஒரு இன்சூரன்ஸ் சர்வேயர என் செலவுல கூட்டிட்டுப் போனேன், 2,000 ரூபா. அவரு ஹெட்டுக்குப் போற ஆயில் துளைல கம்பி விடச் சொன்னாரு. உள்ள இருந்து கேஸ்கெட் பேஸ்ட் காஞ்சு ரப்பர் மாதிரி ஆன துண்டு ஒண்ணு வந்துச்சு, அரிசி அளவுதான் இருக்கும். மொத்தக் கூத்துக்கும் அதான் காரணம். அது கம்பெனில பூசினப்ப போச்சா, முதல் தடவை கழட்டி மாட்டினப்ப போச்சான்னு அவங்களுக்குள்ள வாக்குவாதம், ஆனா நானோ வெளி மெக்கானிக்கோ இன்ஜின திறக்கவே இல்லங்கறது ரெக்கார்டுல சுத்தமா இருந்துச்சு.

9. நுகர்வோர் கமிஷன்

காரணம் கண்டுபுடிச்சப்புறமும் ஒரு மாசம் இழுத்தாங்க, அதனால பதிஞ்சேன். நோட்டீஸ் அனுப்பறது சட்டப்படி கட்டாயம் இல்ல, ஆனா அனுப்புங்க, டீலருக்கு ஒண்ணு, கம்பெனியோட பதிவு அலுவலகத்துக்கு ஒண்ணு, ஸ்பீட் போஸ்ட்ல, டெலிவரி ஆன ரசீதோட. வக்கீல் கட்டாயம் இல்ல.

- எங்க: பொருளுக்குக் குடுத்த விலை 50 லட்சம் வரைக்கும் மாவட்டக் கமிஷன். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்க குடியிருக்கற மாவட்டத்துலயே போடலாம், கம்பெனி எந்த ஊர்ல இருந்தாலும். ஆன்லைன்ல, நுகர்வோர் கமிஷன்களுக்கான அரசு வெப்சைட்டான இ-ஜாக்ரிதில பதியலாம்.
- ஃபீஸ்: பொருளுக்குக் குடுத்த விலை 5 லட்சம் வரைக்கும் ஒண்ணும் இல்ல. பெரும்பாலான பைக்குக்கு அப்ப பூஜ்ஜியம்தான்.
- காலக்கெடு: காரணம் எழுந்ததுல இருந்து ரெண்டு வருஷம். "பாத்துட்டு இருக்கோம் சார்"னு அவங்க இழுக்கற மாசங்களும் இதுலதான் கழியும்.
- பேப்பர்: புகார் மனு, தேதி வரிசை, எதிர்தரப்பு விலாசம், நோட்டரி போட்ட அஃபிடவிட், மேல சொன்ன எல்லா ஆவணமும் பக்க நம்பரோட. வாட்ஸ்அப், வீடியோ வச்சா அதுக்கு மின்னணு ஆதாரச் சான்றிதழ் ஒண்ணு சேத்துருங்க.

டீலர், கம்பெனி ரெண்டு பேரையும் சேருங்க. ஒருத்தர மட்டும் போட்டா அவரு இல்லாத இன்னொருத்தர கைகாட்டுவாரு. உற்பத்திக் குறைபாடுன்னு நிரூபிக்கற பொறுப்பு நம்ம மேலதான், அதனாலதான் சர்வேயரோட அந்த 2,000 ரூபா அறிக்கை. கமிஷனே லேபுக்கு அனுப்பச் சொல்லலாம், அதுக்கான கட்டணத்த நம்மள கட்டச் சொல்லுவாங்க.

புது பைக்கே வேணும்னு கேக்கறதுக்கு முன்னாடி யோசிங்க. மாருதி உத்யோக் சம்பந்தப்பட்ட ஒரு வழக்குல சுப்ரீம் கோர்ட் 2006லயே, வாரண்டில பழுதான பாகத்த மாத்தறதுதான் சொல்லியிருக்குன்னா முழு வண்டிய மாத்தச் சொல்ல முடியாதுன்னு சொல்லிருச்சு. நான் ஹெட் அசெம்பிளி, கட்டின 4,140, பைக் இல்லாத நாளுக்கு பஸ் ஆட்டோ செலவு, மன உளைச்சலுக்கு ஒரு தொகைன்னு கேட்டேன்.

எதிர்தரப்புக்கு பதில் போட 30 நாள், கேட்டா இன்னும் 15 நாள். லேப் டெஸ்ட் இல்லன்னா மூணு மாசம், இருந்தா அஞ்சு மாசத்துல முடிக்கப் பாக்கணும்னு சட்டம் சொல்லுது, நிஜத்துல இழுக்கும்னு மனச தயார் பண்ணிக்கங்க. எனக்கு அந்த அளவுக்குப் போகல, நோட்டீஸ் போய்ச் சேந்த பத்தாவது நாள் கம்பெனில இருந்தே போன். ஹெட் புதுசு, 4,140 திருப்பி. பஸ் செலவும் மத்ததும் கிடையாதுன்னாங்க, நானும் சரின்னுட்டேன், தினம் ரெண்டு பஸ் மாறி அலுத்துப் போயிருந்துச்சு. என் கைச்செலவு சர்வேயரோட சேத்து 2,600 கிட்ட ஆச்சு.

10. பைக்க திரும்ப வாங்கறப்ப

"இனி எந்தக் கோரிக்கையும் இல்லை"ன்னு ஒரு பேப்பர் நீட்டுவாங்க. நான் அதுல "இந்தப் பழுது தொடர்பாக இன்றுவரை"ன்னு பேனால சேத்து ரெண்டு பக்கமும் கையெழுத்து வாங்கினேன். வேலை முடிஞ்சு பைக்கும் பணமும் கைக்கு வந்தப்புறம்தான் மனுவ வாபஸ் வாங்குங்க, அதுக்கு முன்னாடி வேண்டாம். மாத்தின பார்ட்டுக்கு வாரண்டி புதுசா ஆரம்பிக்குதுன்னு நினைச்சிராதீங்க, பெரும்பாலும் பழைய வாரண்டில மிச்சம் இருக்கற காலம்தான். மாத்தின பார்ட் நம்பர் ஜீரோ ரூபா பில்லுல இருக்கான்னு பாருங்க, பில்லே தரலன்னா கேட்டு வாங்குங்க.

முதல் 500 கிலோமீட்டர் மெதுவா ஓட்டி ஆயில ஒரு தடவை சீக்கிரமே மாத்திட்டேன், என் காசுல, அங்கயே, பில்லோட. இப்ப 18,200. சத்தம் இல்ல. அடுத்த சர்வீஸ் இருபதாம் தேதிக்குள்ள விடணும், காலண்டர்ல சிவப்புல வட்டம் போட்டு வச்சிருக்கேன்.